பயிற்சி டொக்டர் வாய் திறந்தா என்ன நடக்கும்?

திருகோணமலைப் பக்கம் ஒரு பிள்ளைக்கு மெடிசின் கிடைச்சா அந்த ஒழுங்கைக்கே கொண்டாட்டம், கோணேசர் கோயிலில அர்ச்சனை, மதிலில பனர், சொந்தக்காரர் எல்லாம் போன் எடுத்து வாழ்த்து, அதோட சேத்து பெரியாக்களின்ர புத்திமதியும் ஒண்டு கட்டாயம் வரும்: "போற இடத்தில ஒருத்தரோடயும் வாயைக் குடுத்திராத பிள்ளை, தலையைக் குனிஞ்சு படிப்பை முடிச்சிட்டு வா." இது கோழைத்தனமான புத்திமதி எண்டு சொல்லிட்டுப் போறது லேசு. ஆனா மருத்துவப் பயிற்சி எப்பிடி ஓடுது எண்டு தெரிஞ்ச ஆக்களுக்கு அந்தப் பயம் வெறும் பயம் இல்ல எண்டும் தெரியும். நான் கிழக்கில இன்டர்ன்ஷிப் முடிச்சு இப்ப திருகோணமலை மாவட்டத்தில வேலை செய்யிற ஆள், இந்த விசயம் வெளி ஆக்களுக்குச் சரியா விளங்கோணும் எண்டு கன நாளா நினைச்சிருக்கிறன், ஏனெண்டா வார்டில ஒரு சின்ன டொக்டர் வாய் மூடி நிண்டா அதுக்கு விலை குடுக்கிறது கட்டிலில படுத்திருக்கிற ஆள்தான்.

முதல்ல ஏணியைப் பாப்பம். எம்பிபிஎஸ் 5 வருசம். ஃபைனல் முடிய மெரிட் லிஸ்ட் வரும், அதின்படிதான் இன்டர்ன்ஷிப்புக்கு எந்த ஆஸ்பத்திரி எண்டு தீர்மானமாகும். இலங்கை மருத்துவ சபையில அப்ப கிடைக்கிறது தற்காலிகப் பதிவு மட்டும்தான். பிறகு 1 வருசம், ஆறு ஆறு மாசமா ரெண்டு யூனிட், மெடிசின், சேர்ஜரி, பிள்ளைகள் வார்ட், மகப்பேறு இதுகளில ரெண்டு. ஒவ்வொரு ஆறு மாசம் முடியேக்கையும் அந்த யூனிட் கன்சல்ரன்ற், அதாவது யூனிட்டுக்குப் பொறுப்பான விசேட வைத்திய நிபுணர், "இவர் திருப்தியா வேலை செய்தார்" எண்டு கையெழுத்து வைக்கோணும். அந்த ரெண்டு கையெழுத்தும் இல்லாட்டி முழுப் பதிவு இல்ல, முழுப் பதிவு இல்லாட்டி நீங்க சட்டப்படி தனிய நிண்டு வைத்தியம் பாக்கேலாத ஒரு ஆள், அஞ்சு வருசப் படிப்பும் அந்தரத்தில தொங்கும்.

அதுக்கு மேல போக ஆசைப்பட்டா, அதாவது ஸ்பெஷலிஸ்ட்டா வர விரும்பினா, நாட்டில இருக்கிற வாசல் ஒண்டுதான், கொழும்புப் பல்கலைக்கழகத்தோட இருக்கிற பட்டப்பின் மருத்துவ நிறுவனம், எல்லாரும் பிஜிஐஎம் எண்டு சொல்றது. எக்ஸாம் பாஸ் பண்ணி உள்ள போய் வருசக்கணக்கா ரெஜிஸ்ட்ராரா, பிறகு சீனியர் ரெஜிஸ்ட்ராரா, வெளிநாட்டுப் பயிற்சி, கடைசியில போர்ட் சான்றிதழ். இந்த வழி முழுக்க ட்ரெயினர் எழுதுற ப்ரோக்ரஸ் ரிப்போட் உங்களோட கூடவே வரும். சில சின்னத் துறைகளில நாடு முழுக்க இருக்கிற கன்சல்ரன்ற்மார் ஒருத்தரை ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிடுற அளவுக்குத்தான் இருப்பினம். அங்க ஒருத்தர் உங்களைப் பற்றி ரீ குடிக்கேக்க சொல்ற ஒரு வசனம் நாட்டின்ர மற்றக் கரைக்கு உங்களுக்கு முதலே போய்ச் சேர்ந்திரும்.

இதுதான் முழுச் சிக்கலின்ர வேர். ஒரு யூனிட்டில பிழை நடக்குது எண்டு நீங்க சொல்ல வேண்டிய ஆளும், உங்களுக்கு மார்க்ஸ் போடுற ஆளும், உங்களுக்காக ரெண்டு நல்ல வார்த்தை சொல்லி விடவேண்டிய ஆளும் ஒரே ஆள். பாங்கில வேலை செய்யிற ஒருத்தருக்கு மனேஜரோட சரிவராட்டி வேற பாங்குக்குப் போகலாம். இன்டர்னுக்கு அப்பிடி ஒரு கதவும் இல்ல.

நட்டம் எப்பிடி வரும் எண்டதுக்கு நான் பக்கத்தில நிண்டு பாத்த ஒண்டைச் சொல்றன், எந்த ஆஸ்பத்திரி, எந்த வருசம் எண்டது வேண்டாம். டெங்கு சீசன், பிள்ளைகள் வார்ட், ஒரு கட்டிலில ரெண்டு பிள்ளை படுத்திருக்கிற அளவுக்குச் சனம். டெங்கு எங்கட மாவட்டத்துக்குப் புதுசில்ல, 2017 இல நாடு முழுக்க 1,86,000 க்கு மேல கேஸ் வந்த வருசத்தில கிண்ணியா பட்ட பாடு இங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த ராத்திரி ஒரு பிள்ளைக்கு எச்சிரி, அதாவது ரத்தம் எவ்வளவு கட்டியாகுது எண்டு பாக்கிற அளவு, பின்னேரம் 38 இருந்தது, சாமம் 46. அஞ்சில ஒரு பங்குக்கு மேல கூடினா ரத்தக் குழாயில இருந்து நீர் கசியுது, பிள்ளை ஆபத்தான கட்டத்துக்குள்ள போகுது எண்டு எங்களுக்குப் படிப்பிச்சது. டியூட்டியில நிண்ட இன்டர்ன், என்ர பட்ச் பெடியன், மேல இருந்த டொக்டரிட்ட சொன்னான். "விடிய ரவுண்ட்ல பாப்பம், சேரை இப்ப எழுப்பாத" எண்டு பதில். அவன் திரும்ப பிள்ளையிட்டப் போய்ப் பாத்தான், கைகால் குளிர்ந்து கிடந்தது, தாய் சேலைத் தலைப்பால பிள்ளையின்ர பாதத்தைச் சுத்திப் பிடிச்சுக்கொண்டு இருந்தா. அவன் நேர கன்சல்ரன்றுக்குப் போன் எடுத்தான். அவர் வந்தார், ஃபுளூயிட் மாத்தினார், பிள்ளை ஐசியூவுக்குப் போய் ஒரு கிழமையால சிரிச்சுக்கொண்டு வீட்ட போச்சு.

அவனுக்கு என்ன நடந்தது? எழுத்தில ஒண்டுமே நடக்கேல்ல. ஆனா அடுத்த மாசத்தில இருந்து ரொஸ்டரில நைட் எல்லாம் அவனுக்கு, தங்கச்சியின்ர கலியாணத்துக்குக் கேட்ட லீவு கடைசி நேரத்தில கட், ரவுண்டில எல்லாருக்கும் முன்னால "இவருக்கு எங்களைவிடக் கூடத் தெரியும்" எண்டு ஒரு நக்கல், அப்பிடியே அவனுக்கு ஒரு பேர் ஒட்டிச்சு: அற்றிற்றியூட் ப்ரொப்ளம். இந்த ரெண்டு சொல்லையும் எந்த விசாரணையிலயும் எதிர்த்து வாதாடேலாது, ஏனெண்டா ஒருத்தரும் அதை எழுதிறேல்ல. கையெழுத்து கடைசியில கிடைச்சது. ஆனா அதுக்குப் பிறகு வந்த இன்டர்ன்மார் அந்தக் கதையைக் கேட்டுத்தான் அந்த யூனிட்டுக்குள்ள வந்தவை, சாமத்தில போன் எடுக்க முதல் அவை எல்லாரும் ரெண்டு தரம் யோசிச்சிருப்பினம். ஒருத்தனுக்குக் குடுக்கிற தண்டனை பத்துப் பேருக்குப் பாடம், எனக்கு இதிலதான் சரியான கோவம்.

கவனிச்சுப் பாருங்க, அவனை அமத்தினது கன்சல்ரன்ற் இல்ல, நடுவில இருந்த ஆள். மேல இருக்கிற ஆள் நல்லவரா இருந்தாலும் நடுப் படியில காத்து அடைபட்டுப் போகும். அந்த நடு ஆளும் தன்ர ரிப்போட்டுக்குப் பயந்துதான் "எழுப்பாத" எண்டார். நான் பிறகு வேலை செய்த ஒரு யூனிட்டில கன்சல்ரன்ற் முதல் நாள் ரவுண்டிலயே எல்லாருக்கும் முன்னால சொன்னவர், "சாமம் ரெண்டு மணிக்கு எழுப்பினா ஏசமாட்டன், எழுப்பாட்டித்தான் ஏசுவன்" எண்டு. ஒரே ஒரு வசனம், அந்த யூனிட்டில போன் எடுக்க ஒருத்தரும் பயப்படேல்ல.

அடுத்தது, முறைப்பாடு செய்யிறதெண்டா ஆரிட்டச் செய்யிறது? பயிற்சியில இருக்கிற டொக்டருக்குச் சம்பளம் சுகாதார அமைச்சு, ரிப்போட் பிஜிஐஎம், ரொஸ்டர் ஆஸ்பத்திரி, பதிவு மருத்துவ சபை. எல்லாருக்கும் உங்களில அதிகாரம் இருக்கு, உங்களைப் பாதுகாக்கிற பொறுப்பு எண்டு வந்தா ஒருத்தர் மற்றவரைக் காட்டுவினம். இது எங்கட நாட்டு நோய் மட்டும் இல்ல. இங்கிலாந்தில கிறிஸ் டே எண்ட ஒரு ஜூனியர் டொக்டர் 2014 ஜனவரியில லண்டன் ஆஸ்பத்திரி ஒண்டில ஐசியூவுக்கு ராத்திரியில டொக்டர்மார் காணாது எண்டு சொன்னார். அவரின்ர பயிற்சி இடமே கையை விட்டுப் போச்சு. அவர் வழக்குப் போட்டா, பயிற்சியை நடத்துற அரச அமைப்பு சொன்ன வாதம் என்னெண்டா "நாங்க உங்கட முதலாளி இல்ல, அதால பிழையை வெளிப்படுத்துறவையைப் பாதுகாக்கிற சட்டம் எங்களுக்குப் பொருந்தாது" எண்டு. நாடு முழுக்க ஜூனியர் டொக்டர்மாரின்ர எதிர்காலத்தைத் தீர்மானிக்கிற அமைப்பு அப்பிடிச் சொன்னது. 2017 மே மாசம் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கேல்ல, அதுக்குப் பிறகுதான் அங்க பயிற்சி டொக்டர்மாருக்கு அந்தப் பாதுகாப்பு உறுதியாச்சு. எழுத்தில அவ்வளவு வலுவான சட்டம் இருக்கிற நாட்டிலயே ஒருத்தர் வருசக்கணக்கா கோட்டு ஏறித்தான் அதைப் பெற்றவர்.

எங்கட பக்கம் சட்டம் எப்பிடி? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டம் இருக்கு, அந்தச் சட்டத்தின்படி குடுக்கக்கூடிய தகவலைக் குடுத்த ஊழியரைத் தண்டிக்கேலாது எண்டு அதில ஒரு பிரிவு இருக்கு. 2023 இல வந்த ஊழல் எதிர்ப்புச் சட்டம் லஞ்சம் ஊழலைக் காட்டிக் குடுக்கிறவைக்குப் பாதுகாப்புச் சொல்லுது. ஆனா ஒரு இன்டர்ன் "இந்த யூனிட்டில ராத்திரி நோயாளியைப் பாக்க ஆள் வருகினம் இல்ல" எண்டு சொன்னா அது லஞ்சமும் இல்ல, தகவல் விண்ணப்பமும் இல்ல. மற்றப் பக்கத்தில அரச ஊழியருக்கான விதிகள் இருக்கிற தாபனக் கோவை நல்ல பலமா நிக்குது, அரச ஊழியர் அனுமதி இல்லாம மீடியாவுக்குத் தகவல் குடுக்கேலாது, 2022 செப்டெம்பரில பொது நிர்வாக அமைச்சு சோஷல் மீடியாவில கருத்துச் சொல்றதையும் அதோட சேத்து ஒழுக்காற்றுக் குற்றம் எண்டு சுற்றறிக்கை அனுப்பினது. அந்த வருசம் மார்ச்சில பேராதனை போதனா வைத்தியசாலையில மருந்து இல்லாம திட்டமிட்ட ஒப்பரேஷன்களை நிப்பாட்டின நிலைமை, நாடு முழுக்க டொக்டர்மார் எது இருக்கு எது இல்ல எண்டு எழுதித்தான் சனத்துக்கு நிலவரம் தெரிஞ்சது, அதே வருசம்தான் இந்தச் சுற்றறிக்கை.

இந்த இடத்தில கனபேர் 2024 ஜூலையில சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையில நடந்ததை, அதாவது பொறுப்பில இருந்த டொக்டர் ஒருத்தர் ஆஸ்பத்திரிக் குறைகளை ஃபேஸ்புக் லைவில சொன்னதை, இழுப்பினம். அங்க சொல்லப்பட்டதில எது சரி எது பிழை எண்டது வேற கதை. ஆனா "பாருங்க, லைவ் போட்டாத்தான் வேலை நடக்கும்" எண்டு ஒரு இன்டர்ன் நினைச்சா அது ஆபத்து. அங்க கதைச்சவர் முழுப் பதிவு உள்ள, பொறுப்புப் பதவியில இருந்த ஒருத்தர், இன்டர்னுக்கு அந்தக் கால் ஊண்டுற இடம் இல்ல. அதைவிடப் பெரிய விசயம் நோயாளியின்ர ரகசியம். பிஎச்ரியை, அதாவது நோயாளியின்ர கட்டில் குறிப்பேட்டை, போட்டோ எடுத்து பேர் தெரியப் போடுறது, தாய் அழுறதை வீடியோ எடுத்துப் போடுறது எல்லாம் எந்த நோக்கத்தில செய்தாலும் பிழைதான், அதில மருத்துவ சபை விசாரிச்சா நீங்க சொல்ல வந்த விசயம் செத்துப் போகும், பிறகு எல்லாரும் உங்கட போஸ்ட்டைப் பற்றித்தான் கதைப்பினம்.

இடமாற்றம் பற்றி எங்கட ஊர் ஆக்கள் நினைக்க வேண்டிய ஒண்டு இருக்கு. வாய் காட்டினா "எங்கயாவது தூரத்துக்குப் போட்டிருவாங்கள்" எண்டு சொல்லுவினம் இல்லையா, அந்தத் தூரம் எது? புல்மோட்டை, ஈச்சிலம்பற்று, மூதூர், கொழும்பில இருந்து பாத்தா திருகோணமலையே அந்தத் தூரம்தான். எங்கட தாய் தகப்பன் மருந்து எடுக்கப் போற ஆஸ்பத்திரி இன்னொருத்தருக்குத் தண்டனை இடமா இருக்குது. தண்டனை எண்டு நினைச்சு வாற டொக்டர் எப்ப திரும்பிப் போறது எண்டுதான் நாள் எண்ணுவார், அவரைக் குறை சொல்லியும் பிரயோசனம் இல்ல. பேசினவரைத் தண்டிக்க எங்கட சனத்தின்ர வார்டைப் பாவிக்கிற இந்தப் பழக்கம் ரெண்டு பக்கத்துக்கும் அநியாயம்.

பெரியாக்களின்ர அந்தப் புத்திமதிக்கு இன்னொரு வேரும் இருக்கு, அதைச் சொல்லாம திருகோணமலையைப் பற்றி எழுதேலாது. 2006 ஜனவரி 2 ஆம் தேதி கடற்கரையில அஞ்சு மாணவர்களைக் கொலை செய்தாங்கள். கைக்குண்டு வெடிச்சது எண்டு முதல் கதை வந்தது, உடம்புகளில இருந்தது துவக்குச் சூட்டுக் காயம். செத்த பிள்ளைகளில ஒருத்தரின்ர தகப்பன் ஊரறிஞ்ச டொக்டர், மரண விசாரணையில துணிஞ்சு சாட்சி சொன்னார், பிறகு மிரட்டல் வந்து குடும்பத்தோட நாட்டை விட்டே போனார். 2009 இல வன்னியில காயப்பட்ட செத்த ஆக்களின்ர கணக்கை வெளியில சொன்ன அரச டொக்டர்மாரை மே மாசம் பிடிச்சு வச்சு, ஜூலையில மீடியாவுக்கு முன்னால இருத்தி அதை மறுத்துச் சொல்ல வச்சது எல்லாரும் ரீவியில பாத்தது. அவை ஒருத்தரும் பயிற்சியில இருந்த ஆக்கள் இல்ல, அது யுத்தகாலம், வார்டில ஒரு எச்சிரிக்காக போன் எடுக்கிறதோட அதை ஒப்பிடேலாது. ஆனா எங்கட வீடுகளில ஒரு அம்மா "வாயைக் குடுக்காத பிள்ளை" எண்டு சொல்லேக்க அவவின்ர மனசில ஓடுறது கன்சல்ரன்றின்ர கையெழுத்து இல்ல, இதுகள்தான். தெற்கில இருந்து வாற சீனியர்மாருக்கு இது தெரியாது, "ஏன் இந்தத் தமிழ்ப் பிள்ளைகள் ரவுண்டில ஒண்டும் கேக்கிறதில்ல" எண்டு கேப்பினம்.

மருத்துவத்தின்ர சரித்திரத்திலயும் இது பழைய கதை. 1847 இல வியன்னா ஆஸ்பத்திரியின்ர பிரசவப் பிரிவில செம்மல்வைஸ் எண்ட டொக்டர், பேராசிரியர் இல்ல, பேராசிரியருக்குக் கீழ உதவியாளர், இண்டைக்குச் சொன்னா ஒரு சீனியர் ரெஜிஸ்ட்ரார் மாதிரி. பிணத்தை வெட்டிப் படிச்சிட்டு அப்பிடியே வந்து பிரசவம் பாக்கிற டொக்டர்மாரின்ர கையாலதான் தாய்மார் சாகினம் எண்டு கண்டுபிடிச்சு, குளோரின் தண்ணியில கை கழுவ வச்சார். ஏப்ரலில நூற்றுக்கு 18 தாய்மார் செத்த இடத்தில ஜூனில 2 அளவுக்கு இறங்கிச்சு. இதைவிடச் சாட்சி வேணுமா? 1849 இல அவரின்ர ஒப்பந்தம் முடிய பேராசிரியர் புதுப்பிக்க விடேல்ல. கையில கணக்கு இருந்தும் பதவி தப்பேல்ல, ஏனெண்டா அவர் சொன்னது மேல இருக்கிற ஆக்களின்ர கையைப் பற்றி.

இதின்ர மறுபக்கமும் இருக்கு. 2011 இல இங்கிலாந்தில லெஸ்டர் ஆஸ்பத்திரியில 6 வயசுப் பிள்ளை ஒண்டு செத்தது, அங்க பயிற்சியில நிண்ட டொக்டர் பாவா-கார்பாவுக்கு, அவவின்ர கவனயீனத்தால பிள்ளை செத்தது எண்டு 2015 இல குற்றத் தீர்ப்பு, 2018 ஜனவரியில பதிவையும் எடுத்திட்டினம், ஆகஸ்டில மேன்முறையீட்டில திரும்பக் கிடைச்சது. அண்டைக்கு ஆள் காணாது, கம்ப்யூட்டர் வேலை செய்யேல்ல, ரிசல்ட் பிந்தி வந்தது, கன்சல்ரன்ற் பக்கத்தில இல்ல எண்டது எல்லாம் வெளியில வந்தது. அதுக்குப் பிறகு அங்க பயிற்சி டொக்டர்மார் தங்கட பிழையைத் தாங்களே எழுதிப் படிக்கிற குறிப்புப் புத்தகத்தில உண்மையை எழுதவே பயந்தினம், நாளைக்கு இதைத் தூக்கி எங்களுக்கு எதிரா வைப்பாங்களோ எண்டு. எழுதப் பயந்தா படிக்கிறது எப்பிடி?

சரி, பேசப் பயந்தா நோயாளிக்கு என்ன? 2005 இல இங்கிலாந்தில எலேன் புரோமிலி எண்ட தாய் ஒரு சின்ன ஒப்பரேஷனுக்குப் போனவ, மயக்கம் குடுக்கேக்க சுவாசக் குழாய் போடேலாமப் போச்சு. அனுபவசாலி டொக்டர்மார் மூண்டு பேர் திரும்பத் திரும்ப அதே வழியில முயற்சி செய்தினம். கழுத்தில துளை போட வேண்டிய கட்டம் வந்திட்டு எண்டு நர்ஸ்மாருக்கு விளங்கினது, சாமானும் தயாரா எடுத்து வச்சினம், ஆனா டொக்டர்மாருக்குக் கேக்கிற மாதிரி அடிச்சுச் சொல்ல அவைக்கு வழி தெரியேல்ல. அவ திரும்பி எழும்பேல்ல. அவவின்ர மனுசன் ஒரு விமான ஓட்டி, விமானத்துறை இதை எப்பிடித் திருத்தினது எண்டு அவருக்குத் தெரியும். 1977 இல தெனெரீஃப் தீவில ரெண்டு ஜம்போ மோதி 583 பேர் செத்த விபத்தில, ஓடுபாதையில மற்ற விமானம் இன்னும் நிக்குதோ எண்டு பின்னால இருந்த இஞ்சினியர் கேட்டவர், கப்டன் தட்டிக் கழிச்சிட்டுப் போனார். அதுக்குப் பிறகுதான் கீழ இருக்கிறவர் சொல்றதையும் மேல இருக்கிறவர் கேக்கிறதையும் விமான ஓட்டிகளுக்கு ஒரு பாடமாவே படிப்பிக்கத் தொடங்கினது. 2008 இல உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த ஒப்பரேஷன் செக்லிஸ்டில கத்தி வைக்க முதல் எல்லாரும் தங்கட பேரையும் வேலையையும் சத்தமாச் சொல்லோணும் எண்டு போட்டதும் அதுக்குத்தான், ஒருக்கா வாய் திறந்தவருக்கு ரெண்டாந்தரம் திறக்கிறது லேசு. எட்டு ஆஸ்பத்திரிகளில பாத்த ஆய்வில இறப்பு 1.5 வீதத்தில இருந்து 0.8 க்கு வந்தது.

இப்ப இன்டர்ன்ஷிப்புக்குப் போற பிள்ளைகளுக்கு. "துணிஞ்சு பேசுங்க" எண்டு மட்டும் சொல்லி உங்களை முன்னுக்குத் தள்ள எனக்கு மனம் வரேல்ல. நோயாளிக்கு இப்ப ஆபத்து எண்டா யோசனையே வேண்டாம், எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் போன் எடுங்க. எடுக்கேக்க அபிப்பிராயத்தில தொடங்காம அளவில தொடங்குங்க: "சேர், கட்டில் 14, எச்சிரி 38 இல இருந்து 46, கைகால் குளிருது, எனக்குப் பயமா இருக்கு, நீங்க வந்து பாக்கோணும்." கடைசி ரெண்டு துண்டும் முக்கியம், எங்கட பிள்ளைகள் அளவை மட்டும் சொல்லிட்டு மற்றதை அவர் விளங்கிக்கொள்ளுவார் எண்டு விட்டிருவினம். பிறகு பிஎச்ரியில எழுதுங்க, எத்தனை மணிக்கு ஆருக்கு அறிவிச்சது, என்ன பதில் வந்தது எண்டு, குத்தல் குறை ஒண்டும் இல்லாம. அது சட்டப்படி ஆவணம், நாளைக்கு உங்களைக் காப்பாத்தப்போறதும் அதுதான். ரொஸ்டர், மருந்துத் தட்டுப்பாடு, ஆள் காணாது மாதிரி ஆறுதலாச் சொல்லக்கூடிய விசயம் எண்டா தனியப் போகாதீங்க, பட்ச் ஆக்கள் எல்லாரும் ஒரே கடிதத்தில கையெழுத்துப் போட்டுக் குடுங்க, பத்துப் பேருக்கு ஒரே நேரத்தில அற்றிற்றியூட் ப்ரொப்ளம் எண்டு சொல்றது கஷ்டம். பாலியல் தொந்தரவு எண்டா கதை வேற, அதுக்கு யூனிட்டுக்குள்ள சமாதானம் தேடாம உடன ஒரு நம்பிக்கையான ஆளிட்டச் சொல்லி எழுத்தில வைக்கோணும்.

வாய் மூடுற பழக்கம் வார்டில தொடங்கிறதும் இல்ல, பல்கலைக்கழக முதல் கிழமையில சீனியரை நிமிந்து பாக்காத எண்டதில தொடங்குது. 1998 இல பகிடிவதைக்கு எதிரா 20 ஆம் இலக்கச் சட்டம் வந்து இவ்வளவு காலம், அது இன்னும் ஒழியேல்ல. நிமிந்து பாக்கக் கூடாது எண்டு பழக்கின பிள்ளையிட்ட அஞ்சு வருசத்தால "ஏன் எனக்குச் சொல்லேல்ல?" எண்டு கேட்டா அது என்ன நியாயம்?

மாத்தம் மேல இருந்துதான் வரோணும், அதுக்கு வெளிநாட்டைப் பாத்துக்கொண்டிருக்கத் தேவையும் இல்ல. எங்கட நாட்டில ஒரு தாய் பிரசவத்தோட செத்தா அந்த ஒவ்வொரு சாவையும் இருத்திவச்சு விசாரிக்கிற முறை கன காலமா இருக்கு, ஆரைத் தண்டிக்கிறது எண்டு பாக்காம எந்த இடத்தில பிந்தினது எண்டு பாக்கிறது, அந்தக் கூட்டத்தில விசேட வைத்திய நிபுணரோட ஒரே மேசையில அந்தப் பகுதிக் குடும்பநல மாதுவும் இருந்து தான் பாத்ததைச் சொல்லுவா. தாய்மார் சாவைக் குறைச்ச நாடு எண்டு இலங்கைக்குப் பேர் வந்ததில இந்த முறைக்கும் பங்கிருக்கு. அதே முறையை டெங்கு வார்டுக்கும் சேர்ஜரி வார்டுக்கும் கொண்டுவந்து, அண்டைக்கு நைட் நிண்ட இன்டர்னை முதல் ஆளாக் கதைக்க விடலாம், இன்டர்ன்ஷிப் கையெழுத்தை ஒரே ஆளின்ர கையில விடாம யூனிட்டுக்கு வெளியில இருந்து இன்னொரு கன்சல்ரன்றும் சேர்ந்து போடுற மாதிரி மாத்தலாம், யூனிட்டை விட்டுப் போற இன்டர்ன்மாரிட்ட அந்த யூனிட்டைப் பற்றியும் பேர் போடாம ஒரு ரிப்போட் வாங்கலாம். ரெண்டாவதுக்கும் மூண்டாவதுக்கும் அமைச்சும் மருத்துவ சபையும் முடிவெடுக்கோணும். முதலாவதுக்கு ஒரு சுற்றறிக்கையும் தேவையில்ல, ஒரு யூனிட்டின்ர கன்சல்ரன்ற் விரும்பினா வாற திங்கக்கிழமை ரவுண்ட் முடியத் தொடங்கலாம்.